பதினெட்டு பை ஏழு

போன வாரம், என் மகளின் வேலை விண்ணப்பத்தை டைப் அடிக்கப் பாலக்கரையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் ஸ்டெல்லாவுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். என் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க பத்திரிகைல எழுதுறத வாராவாரம் படிச்சிடுவேன் சார். எல்லாம் நிஜமா நடந்ததுதானா?"

"சத்தியமா" என்றேன். புகழ்ந்தால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

விலாசம் வந்ததும் டைப் அடிப்பதை நிறுத்தினார். "டோர் நம்பர்ல பை எதாவது இருக்கா சார்? இருந்தா விட்டுடாதீங்க. அதாலதான் நான் ஒரு வேலையையே கோட்டை விட்டேன்."

நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. அவர் குடியிருந்தது, வரிசையாகப் பல குடித்தனங்கள் இருந்த பதினெட்டாம் நம்பர் ஸ்டோரில் ஏழாவது போர்ஷன் – 18/7. ஒரு தொழிற்சாலையின் கிளார்க் வேலைக்கு வந்த இன்டர்வியூ கார்டில் வெறும் 18. ஊருக்குப் புதிதான போஸ்ட்மேன் அதை முன்கட்டில் இருந்த வீட்டு ஓனரின் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஓனர் குடும்பமோ பகல்பத்து, இராப்பத்து உற்சவம் முடியும்வரை ஸ்ரீரங்கத்தில் சொந்தக்காரர் வீட்டில். அவர்கள் திரும்பி வந்து கார்டைக் கொடுத்தபோது இன்டர்வியூ முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

"நேர்ல போய் அழுதேன் சார். அடுத்த தடவை பாக்கலாம்னாங்க. அடுத்த தடவை வயசு தாண்டிடுச்சு."

எந்தத் தொழிற்சாலை என்று கேட்டேன். சொன்னார்.

அதன் கம்ப்யூட்டர் செக்‌ஷனில்தான் அப்போது நான் இருந்தேன். விண்ணப்பம் போட்டவர்களின் விவரங்களைப் துளை போட்டுப் பதிந்த பழைய பஞ்ச் கார்டுகளிலிருந்து புது மெஷினுக்கு மாற்றும் வேலை. இன்டர்வியூ கார்டுகளில் விலாசம் அச்சாவதும் அந்த மெஷினிலிருந்துதான். பழைய கார்டில் கதவு எண் கட்டத்தில் கோடு, எழுத்து, எது வேண்டுமானாலும் இருக்கலாம். புது மெஷினில் நான் அமைத்த கட்டமோ எண்ணை மட்டும்தான் வாங்கும். 'பை' வந்த இடத்திலெல்லாம் மெஷின் நின்றது.

கட்டத்தை மாற்றியிருக்கலாம். இரண்டு நாள் வேலை. மேனேஜர் சனிக்கிழமைக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார். கோட்டுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் வெட்டிவிடும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். பெயர்தான் இருக்கிறதே, போஸ்ட்மேனுக்குத் தெரியாதா என்ன? அதற்குப் பிறகு மெஷின் எங்கேயும் நிற்கவில்லை. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நம் வழக்கமே இதுதானே? கட்டத்தில் அடங்காத ஆள் வந்தால் கட்டத்தைப் பெரிதாக்க மாட்டோம்... ஆளைத்தான் குறைப்போம்.

ஸ்டெல்லாவிடம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள் – அதுதான் காரணமா? இல்லை. பயம். "அடப் பாவமே" என்று யாரோ மாதிரி உச்சுக் கொட்டினேன். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது. அவரோ என் மகளின் விலாசத்தை இரண்டு தடவை சரிபார்த்துக் கொடுத்தார்.

வாராவாரம் படிப்பீர்களே ஸ்டெல்லா... இதுவும் நிஜமாக நடந்ததுதான். அந்த ஏழாம் நம்பரை வெட்டியவன் நான்.