தொட விட்ட இடம்

காலை ஒன்பது இருபது. கடலூரில் என் மகன் படுத்திருந்த ஆஸ்பத்திரி அறையில், கட்டிலை ஒட்டிய இரும்பு மேஜைமேல் ஒரு காலி எண்ணெய் பாட்டில் இருந்தது. அதை எடுத்துக் கழுவி வைக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், ஈசிஜி காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் முகம் மாறியது. "கோடு சரியா வரலைம்மா. வீட்ல யாருக்காவது ஹார்ட் பிரச்சினை இருந்துச்சா?" என்றார். இவன் அப்பா நாற்பத்து மூன்று வயதில் மாரடைப்பில் போனவர் என்றேன். அவர் காகிதத்தை மடித்துக்கொண்டார். இதய டாக்டர் பார்த்து, ஆபரேஷன் செய்யலாம் என்று எழுதிக் கொடுக்காமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்களாம். இதய டாக்டரோ சிதம்பரத்தில் இருந்து மாலையில்தான் வருவாராம்.

முந்தின நாள் பரங்கிப்பேட்டை ரோட்டில் பைக் சறுக்கி மகனுக்குத் தொடை எலும்பு உடைந்திருந்தது. ஈசிஜி எடுத்த அன்று பிளேட் வைப்பதாக ஏற்பாடு. அதுவரை எனக்கு அவன் கால் மட்டும்தான் கவலை. இப்போது காலை மறந்துவிட்டேன். ஆண்டுதோறும் வகுப்பில் இதயத்தின் நான்கு அறைகளை வரைந்து பாடம் நடத்துகிறவள் நான். அன்று ஓர் அறையின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. வராந்தாவில் போய் நின்றேன், திரும்பி வந்தேன், வாங்கிய டீயை எங்கோ வைத்துவிட்டுத் தேடினேன். அவன் நெஞ்சில் கைவைத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பயந்துவிடுவான் என்று வைக்கவில்லை.

அந்த பாட்டில் அண்ணியுடையது. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. சிதம்பரத்தில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யாருக்கு இருமல் வந்தாலும், காய்ச்சல் வந்தாலும், பரீட்சை வந்தாலும்கூட, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்த்துவிடுவார். நாங்கள் அதை மருந்தாகக்கூட நினைப்பதில்லை. அண்ணி வந்தால் எண்ணெய் வாசம் வரும், அவ்வளவுதான். அன்று விடியற்காலையிலும் தேய்த்தார். "கால் உடைஞ்சதுக்கு நெஞ்சுல எதுக்கு அத்தே?" என்று மகன் கேட்டான். "காலத் தொட வுட மாட்டேங்கிறாங்களேடா. தொட வுடுற எடத்துலதான தேய்க்க முடியும்?" என்று பாட்டில் காலியாகும்வரை தேய்த்துவிட்டு, கஞ்சியும் இன்னும் கொஞ்சம் எண்ணெயும் காய்ச்சி எடுத்துவருவதாகச் சொல்லி பஸ் ஏறினார்.

மதியம் அவரே போன் செய்தார். மறைக்க நினைத்தும் என் வாய் சொல்லிவிட்டது. "ஈசிஜி சரியில்லையாம் அண்ணி." போனை வைத்துவிட்டார். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. என் கணவர் போன அன்றும் இப்படித்தான், சேதி கேட்டுச் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "இருக்கானா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி இன்னும் எங்கள் வாசலிலேயே நிற்பதாக எனக்குத் தோன்றும். இன்றும் மகன் மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கினால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்க்கிறேன்.

மாலையில் இதய டாக்டர் வந்து மகனின் சட்டையை விலக்கினார். நெஞ்சில் வைத்த விரல் வழுக்கியது. விரலை மோந்து பார்த்தார். "யாருப்பா உனக்கு எண்ணெய் அபிஷேகம் பண்ணது?"

"எங்க அத்த சார்."

"இவ்ளோ எண்ணெய் இருந்தா ஈசிஜி எடுக்குற கப்பு நெஞ்சுல எப்படி ஒட்டும்? கோடு ஆடத்தான் செய்யும்."

ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கத் துடைக்கக் கற்பூர வாசம் எழுந்தது. மறுபடி எடுத்த ஈசிஜியில் கோடு ஒழுங்காக ஓடியது. அப்பாவின் கதையைக் கேட்டதால் அவர் எக்கோ மிஷினையும் அறைக்கே தள்ளிவரச் சொன்னார். திரையில் மகனின் இதயம் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நல்லா இருக்கும்மா. நாளைக்கு ஆபரேஷன் பண்ணட்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். காலி பாட்டில் இருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். தலை கலைந்திருந்தது. கூடையில் எண்ணெய் பாட்டிலின் மூடி தெரிந்தது. உள்ளே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, கட்டில் பக்கம் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இருக்கானா?"

கட்டிலில் இருந்து அவன்தான் பதில் சொன்னான்.

"இருக்கேன் அத்தே. அந்த எண்ணெய் பாட்டில மட்டும் வெளியவே வச்சிட்டு வா."