ஐம்பத்தேழு கிலோ நூற்றைம்பது: லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஆரம்பாக்கத்துக்கு ஒரு பாக்ஸிங் பயணம்

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காடு ஏரியோரம் இருக்கிற எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஆரம்பாக்கத்துக்குப் போய்வந்தோம். போனது கல்யாண மண்டபத்துக்கு, ஆனால் கல்யாணத்துக்கு இல்லை. அங்கே என் மனைவி பவானிக்கு பாக்ஸிங். மெடலுக்கு ஆடுவது வேறு, இது காசுக்கு ஆடுவது. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஆடக் கிளம்பினால் வழியும் செலவும் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல பவானி போனில் அடிக்கிறாள். அவள் பத்தாவது. நான் சுற்றிவளைத்துப் பேசினால் அடிப்பதை நிறுத்திவிடுவாள்.

முதலில் சம்பளத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ரவுண்டு ஆட்டத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் பேச்சு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதில் கையில் வரும் காசு நாலாயிரம். மீதி ஆறாயிரத்துக்கு, ஆட்டத்தை நடத்துகிறவர் முப்பது டிக்கெட்டைக் கொடுத்துவிடுவார், ஒன்று இருநூறு. விற்றால் நம் காசு, விற்காவிட்டால் காகிதம். மூன்று வாரம் கரைக்கு வரும் ஒவ்வொரு படகாகப் போய் விற்றேன். பக்கத்துக் கோட்டைக்குப்பத்தில் ஒருவர், "நம்ம ஊரு பொண்ணு அடிவாங்குறத பாக்க நான் துட்டு குடுக்கணுமா? ஓசில கூப்டு, அழுதுக்கினே வர்றேன்" என்றார். அவரும் கடைசியில் இரண்டு வாங்கினார். மொத்தம் இருபத்தொன்று போனது. ஒன்பது டிக்கெட் சட்டைப்பையிலேயே இருந்தது.

டிக்கெட் விற்பதற்கு முன்பே காசு போக ஆரம்பித்துவிடும். ரத்தப் பரிசோதனை, கண், தலைக்கு ஸ்கேன் என்று மூவாயிரத்து இருநூறு. பதிவுக் கட்டணம் ஆயிரம். கைக்குச் சுற்றும் துணி, டேப், பல்லுக்கு மாட்டும் கவசம் எல்லாம் அறுநூற்றைம்பது. ஆட்டம் நடந்தால்தான் இதெல்லாம் திரும்பி வரும். நடக்காவிட்டால் வலை கிழிந்த மாதிரிதான். ஆட்டம் நடக்க ஒரே ஒரு நிபந்தனை, பவானியின் எடை ஐம்பத்தேழு கிலோ நூற்றைம்பது கிராமுக்கு மேல் போகக் கூடாது.

அதனால் கிளம்புவதற்கு முன் எடை பார்த்தோம். எங்கள் குப்பத்தில் எடை மிஷின் இருக்கிற ஒரே இடம் ஏலக்கூடம். நண்டும் இறாலும் கரைக்கு வந்ததும் வியாபாரி அதில்தான் நிறுப்பார். விடிகாலை ஐந்து மணிக்கு பவானி அதன்மேல் ஏறி நின்றாள். ஐம்பத்தாறு கிலோ எழுநூறு. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"நானூத்தம்பது கிராம் கையில கீதுயா" என்றாள். "பொன்னேரில நாஷ்டா துன்னலாம்." இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

இனி வழி. ஐந்தே காலுக்கு ஷேர் ஆட்டோ. ஏரிப் பாலத்தைத் தாண்டி பழவேற்காடு கடைத்தெரு மூன்று கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய். பாலத்தில் போகும்போது இடதுபக்கம் உட்காருங்கள், தண்ணீர் வற்றிய மாதத்தில் பறவைகள் கிட்டத்திலேயே நிற்கும். ஐந்து ஐம்பதுக்குப் பொன்னேரி பஸ். பதினெட்டு கிலோமீட்டர், எனக்கு இருபது ரூபாய், பவானிக்கு இலவசம். பெண்கள் பாக்ஸிங்கில் சம்பளம் ஆண்களைவிடப் பாதி என்று சிலர் வருத்தப்படுவார்கள். பஸ்ஸில் மட்டும் பவானி என்னை ஜெயித்துவிடுவாள். (இதை அடிக்கும்போது முறைக்கிறாள்.)

ஆறு நாற்பதுக்குப் பொன்னேரி. பஸ் நிலையத்துக்கு எதிரே மூன்று இட்லி, சாம்பார், ஒரு டீ, ஒரு டம்ளர் தண்ணீர் என்று பவானி நிதானமாகச் சாப்பிட்டாள். ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ ஆளுக்குப் பதினைந்து. இங்கே ஒன்று கவனியுங்கள். நிறைய ரயில் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். சூலூர்பேட்டை வரை போகும் ரயில்தான் ஆரம்பாக்கத்தில் நிற்கும். அன்று அது ஏழே முக்காலுக்கு வந்தது, டிக்கெட் பத்து ரூபாய். எதிர் இருக்கையில் கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மா. பழைய ஆட்டத்தில் உடைந்து கோணிய பவானியின் மூக்கைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான் அடிக்கலம்மா, அவதான் அடிப்பா" என்றேன். நம்பவில்லை. ஆரம்பாக்கம் இறங்கும்வரை கூடையை என் பக்கம் நகர்த்தி வைத்து எனக்கு இடம் இல்லாமல் பண்ணிவிட்டார்.

மண்டபம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். பெரிய ஊர்களில் எடையை முதல் நாளே பார்த்துவிடுவார்களாம். முதல் நாள் பார்த்தால் தங்க அறை கொடுக்க வேண்டும். அந்தச் செலவு எதற்கு என்று இங்கே அன்று காலையிலேயே பார்த்துவிடுகிறார்கள். மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு மிஷின். பவானி ஏறினாள். ஐம்பத்தெட்டு கிலோ இருநூறு.

"மிஷின் தப்புங்க" என்றாள் பவானி. எடை பார்த்தவர் எதிர்த்து ஆடும் பெண்ணை ஏறச் சொன்னார். அவள் பெயர் லட்சுமி, சூலூர்பேட்டைப் பக்கம். ஐம்பத்தேழு நூறு என்று காட்டியது. "ஊர்ல ஆஸ்பத்திரில பாத்தேன், இதேதான்" என்றாள் லட்சுமி.

ஒரு கிலோ ஐம்பது கிராம் அதிகம். இரண்டு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் இறக்காவிட்டால் ஒன்று ஆட்டமே இல்லை, அல்லது எதிராளி சம்மதித்தால் கையில் வரும் காசில் பாதி அபராதம். அபராதம் எதிராளிக்குப் போகும்.

பவானி என் பையிலிருந்து கடலுக்குப் போட்டுப்போகும் மழைக்கோட்டை எடுத்து மாட்டினாள். அதற்குமேல் ஸ்வெட்டர், வேர்த்து எடை இறங்கட்டும் என்று. மண்டபத்துப் படிக்கட்டில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். பதினெட்டுப் படி, நான் எண்ணினேன். அரை மணி கழித்துப் பந்தல் கயிறு ஒன்றைக் கேட்டு வாங்கி ஸ்கிப்பிங் ஆடினாள். பிறகு நேரே சமையல்கட்டுக்குப் போய், சோறு வெந்துகொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் ஆடினாள். சமையல்காரர் கரண்டியோடு அவளைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னாம்மா, வெந்துட்டியா, இன்னொரு கொதி விடவா?"

"விடுண்ணே" என்றாள், கயிற்றை நிறுத்தாமல்.

அங்கேதான் அவளுக்கு அது தோன்றியது. கயிறு நின்றது. "யோவ். என்ன எதுல எடை போட்ட நீ?"

"ஏலக்கூடத்துல."

"நண்டு போட்ற மிஷின்ல."

வீட்டுக் கைத்தராசில் பத்து கிலோ வரும் நண்டு அங்கே ஒன்பது எண்ணூறு காட்டும். இது ஊருக்கே தெரியும். "மிஷின் துன்னுது" என்போம், சிரிப்போம், காசை வாங்கிக்கொண்டு போவோம். தண்ணீர்க் கழிவென்று கூடைக்கு ஒரு கணக்கு வியாபாரி தனியாக வேறு கழிப்பார். இத்தனை வருஷமாக எங்கள் நண்டைத் தின்ற மிஷின் பவானியை மட்டும் விட்டுவிடுமா? நூற்றுக்கு இரண்டு. ஐம்பத்தேழில் ஒரு கிலோவுக்கு மேல். அதை நம்பித்தான் மூன்று இட்லி. தெரிந்தேதான் ஏமாந்தோம், கூடையில் ஆள் உட்கார்ந்தாலும் கணக்கு அதே கணக்குத்தான் என்று மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

"மன்னிச்சுக்கமே" என்றேன்.

"அப்புறம் மன்னிக்கிறேன், மணி இன்னா?" என்றாள். நாற்பது நிமிடம் இருந்தது. ஆட ஆரம்பித்தாள்.

இரண்டு மணி நேரம் முடிந்து மறுபடி ஏறினாள். ஐம்பத்தேழு முந்நூற்றைம்பது. இருநூறு கிராம் அதிகம். உதடு வெடித்துப்போயிருந்தது, எச்சில்கூட வரவில்லை. நடத்துகிறவர் லட்சுமியைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற, ஆடுறியா, கெளம்புறியா?"

"ஆடாம போனா பஸ்ஸுக்கு யாரு சார் குடுப்பாங்க?" என்றாள் லட்சுமி.

அப்படித்தான் ஆட்டம் நடந்தது. பவானியின் நாலாயிரத்தில் இரண்டாயிரம் அங்கேயே லட்சுமிக்குப் போனது.

சாயங்காலம் நான்கு மணிக்கு மண்டபம் முக்கால்வாசி நிறைந்தது. வாசலில் நின்று நான் இன்னும் நான்கு டிக்கெட் விற்றேன். விற்றுவிட்டு ஓடிவந்து தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக மூலையில் நின்றேன். இரண்டு இரண்டு நிமிடமாக நான்கு ரவுண்டு. மொத்தம் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்துக்கு முன்னால் எத்தனை வாரம் என்று பாருங்கள்.

முதல் ரவுண்டு பவானிக்கு. இரண்டாவதில் அவளுக்குக் கால் எழும்பவில்லை. லட்சுமி விலாவில் இரண்டு, கன்னத்தில் ஒன்று வைத்தாள். மூலைக்கு வந்து உட்கார்ந்ததும் வாய்க் கவசத்தை எடுத்தேன். மூச்சு வாங்கியபடி கேட்டாள்: "டிக்கெட்டு எத்தினி போச்சு?"

"நாலு."

"அஞ்சு மீதியா" என்றாள். நான் கொடுத்த தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மணி அடிக்கும் முன்பே எழுந்து நின்றாள். அந்த ஐந்து டிக்கெட்டின் கோபமோ என்னவோ, மூன்றாவது ரவுண்டில் லட்சுமியைக் கயிற்றோரம் தள்ளி வைத்து நகரவே விடவில்லை. நான்காவதில் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டுதான் அடித்தார்கள். நடுவர் பவானியின் கையைத் தூக்கினார். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வந்திருந்த பன்னிரண்டு பேர் எழுப்பிய சத்தத்தில் மண்டபத்து மைக் கத்தியது.

உடை மாற்றும் இடத்தில், அதாவது மணமகள் அறையில், லட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, உன் இருநூறு கிராம்ல எனக்கு வீட்டு வாடகை முடிஞ்சுது. அடுத்த தடவ அரைக் கிலோ ஏறிக்கினு வா."

"அடுத்த தடவ நூறு கிராம் கம்மியா வர்றேன்டீ" என்றாள் பவானி. இரண்டு பேரும் சிரித்தார்கள், வீங்கிய வாயை அதிகம் திறக்காமல்.

ரயிலில் திரும்பும்போது கணக்குப் பார்த்தோம். கையில் வந்தது இரண்டாயிரம், டிக்கெட்டில் ஐயாயிரம், ஆக ஏழாயிரம். மருத்துவம், பதிவு, டேப் எல்லாம் நாலாயிரத்து எண்ணூற்றைம்பது. போகவர இருநூற்று இருபது, சாப்பாடு நூற்றுத் தொண்ணூறு. மிச்சம் ஆயிரத்து எழுநூற்று நாற்பது. நான் ஒருநாள் கடலுக்குப் போகாததைச் சேர்க்கவில்லை. ஜெயித்தவளின் கணக்கு இது. தோற்றாலும் இதே காசுதான், வலிதான் கொஞ்சம் அதிகம்.

பொன்னேரியில் இறங்கியதும் பவானி பஸ்ஸுக்குப் போகாமல் கடைத்தெருப் பக்கம் திரும்பினாள். இரும்புக்கடையில் அரசாங்க முத்திரை குத்திய ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று வாங்கினாள். எண்ணூற்றைம்பது ரூபாய். மிச்சக் காசில் பாதி. "இன்னாத்துக்குமே இது?" என்றேன். "தூக்கு" என்றாள். வீடுவரை தூக்கிவந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏலக்கூடம். நண்டுக் கூடைகளோடு பதினைந்து இருபது பேர். வியாபாரி பவானியைப் பார்த்ததும், "இன்னாம்மா, மூஞ்சி வீங்கிக் கீது. ஜெயிச்சியாமே?" என்றார்.

"ஜெயிச்சேன்ணே. ஒரு எடை பாக்கணும்" என்று எடைக்கல்லை மிஷின்மேல் வைத்தாள். முத்திரை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள்.

நான்கு கிலோ தொள்ளாயிரம்.

வியாபாரி மிஷினைத் துண்டால் துடைத்தார். "கடல் காத்தும்மா. உப்பு ஏறிச்சுன்னா மிஷின் அப்டித்தான் காட்டும்."

"காத்து தெனிக்கும் உன் பக்கமேவா அடிக்கும்?" என்றாள் பவானி. "எனக்கு ஒரு நாள்ல ரெண்டாயிரம் போச்சுண்ணே. அத நான் கேக்கல. இவங்களுக்கு இத்தினி வருசமா எவ்ளோ போச்சுன்னு நீயே சொல்லு."

பின்னால் நின்ற ஒரு பெண் தன் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மிஷின் சரியாவட்டும், அப்புறம் எறக்குறேன்" என்றாள். அடுத்தவரும் தூக்கினார். வரிசையில் கடைசி ஆள்வரை கூடையைக் கீழே வைக்கவில்லை. நண்டு வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று வியாபாரிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அன்று ஏலம் ஒன்றரை மணி நேரம் தாமதம். மிஷினைத் திறந்து சரிபண்ண பழவேற்காட்டிலிருந்து ஆள் வந்தார். சரிபண்ணி முடித்து எடைக்கல்லை வைத்தபோது ஐந்து கிலோ என்று காட்டியது. அதன்பிறகுதான் கூடைகள் இறங்கின. அந்தக் கல் இப்போது ஏலக்கூடத்திலேயே இருக்கிறது. தினமும் முதல் எடை அதுதான்.

போகப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆரம்பாக்கத்தில் நிற்கிற ரயிலா என்று கேட்டு ஏறுங்கள். டிக்கெட்டாகத் தரும் சம்பளத்தைச் சம்பளம் என்று எண்ணாதீர்கள், விற்றபிறகு எண்ணுங்கள். மருத்துவச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். எடையை ஆஸ்பத்திரியில் பாருங்கள், வாங்குகிறவன் வைத்திருக்கும் மிஷினில் பார்க்காதீர்கள். இட்லியை எடைக்குப் பின்னால் சாப்பிடுங்கள்.

வைகாசியில் அடுத்த ஆட்டம், இந்த முறை ஆறு ரவுண்டு. பேச்சுச் சம்பளம் பதினாறாயிரம், அதில் எட்டாயிரம் டிக்கெட். பழைய எடைதான், ஐம்பத்தேழு நூற்றைம்பது. இன்று காலை எடைக்கல்லை இறக்கிவிட்டு பவானி ஏறி நின்றாள். ஐம்பத்தொன்பது முந்நூறு.

"நெறைய கீதே" என்றேன்.

"கீது. ஆனா நெசமா கீது" என்றாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடற்கரை மணலில் ஓட ஆரம்பித்தாள்.