தொழுகைப் பாயில் என் மகள் அழுததை நாங்கள் விளங்கிக்கொண்ட விதம்

நோன்பு மாதம். பிற்பகல் மூன்று ஐம்பது. அஸர் தொழுதுவிட்டு நான் குசினிக்குள் வந்தேன். அடுப்பில் கொதித்த கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மகள் ரிஸ்னாவின் வலது கையிலிருந்து தேங்காய்ப் பாதி நழுவி உருண்டது. நோன்புக் களைப்பா மகள் என்று கேட்டேன். அவள் நிமிர்ந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஏதோ சொல்லப் பார்த்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

சகோதரிகளே, அல்லாஹ் எனக்குத் தந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை!

ரிஸ்னாவுக்கு இருபத்தொரு வயது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இருதய வால்வைப் பழுதாக்கியிருந்தது. போன வருடம் கொழும்பில் புது வால்வு வைத்தார்கள். அதில் இரத்தம் கட்டிப்படாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு குளிசை போட வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த பிள்ளை மாறிப்போனாள். சாப்பாடு குறைந்தது. சிநேகிதிகளோடு கதையில்லை. தொழுகைப் பாயில் நெடுநேரம் நெற்றி பதித்து ஸுஜூதில் கிடந்து அழுவாள். நாங்கள் பயப்படவில்லை, பெருமைப்பட்டோம். மரணத்தின் வாசல்வரை போய்வந்த பிள்ளைக்கு இறையச்சம் கூடிவிட்டது என்று நினைத்தோம். டொக்டர் வேண்டாம் என்று சொல்லியும் நோன்பு பிடித்தாள். அதற்கும் அல்லாஹ்வைப் புகழ்ந்தோம். பக்கத்து வீட்டு நஸீமா என்னிடம் சொன்னாள்: "எங்கட வீட்டுல உள்ளதுகள் ஃபோனக் கட்டிப்புடிச்சி அழுகுதுகள் ராத்தா. உங்கடது பாயில அழுகுது. குடுத்து வெச்சிருக்கீங்க."

கற்பிட்டியிலிருந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் போனோம். வழி முழுக்க என் கணவர் யாஸீன் ஓதினார். எனக்கு ஒரு துஆவும் வாயில் வரவில்லை. மகளைப் போலவே நானும் ஊமையாகிப்போனேன். ஜன்னலுக்கு வெளியே களப்புத் தண்ணீரைப் பார்த்தபடி மனதுக்குள் கெஞ்சினேன்: யா அல்லாஹ், இந்த வாயைத் திறந்துவிடு. என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

மூளையை ஸ்கேன் எடுத்து, கட்டிலில் படுக்க வைத்தார்கள். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. யாரோ ஒரு தாதி என் கையில் பேரீச்சம்பழம் ஒன்றை வைத்தார். அதை வாய்க்குக் கொண்டுபோகும்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"உம்மா, அடுப்ப நூத்தீங்களா? கஞ்சி அடிப்புடிச்சிருக்கும்."

அல்ஹம்துலில்லாஹ்! கேட்டதை அப்படியே தந்தான்! நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அடுப்பை உண்மையாகவே அணைக்காமல்தான் வந்திருந்தேன். ஃபோனில் சொன்னதும் நஸீமா ஓடிப்போய்ப் பார்த்தபோது பானை கரியாகியிருந்ததாம். போகட்டும் பானை!

மறுநாள் காலை ஓர் இளம் பெண் டொக்டர் வந்தார். வால்வில் கட்டிப்பட்ட இரத்தம் மூளைக் குழாய்க்குப் போய் அடைத்து, சேதம் செய்வதற்கு முன் கரைந்திருக்கிறது என்றார். குளிசை போட்டதாக இரத்தப் பரிசோதனை காட்டவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவ கடைசியா எப்ப சிரிச்சவ, அம்மா?" என்று கேட்டார்.

நான் விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தேன். ரிஸ்னாதான் மெதுவாகக் கதைத்தாள்.

"வால்வுட சத்தம் எனக்குக் கேக்குது உம்மா. டிக் டிக் எண்டு. எப்ப நிக்குமோ எண்டு பயந்து பயந்து களைச்சிட்டன். பொறகு, நிண்டா நிக்கட்டும் எண்டு குளிசைய விட்டுட்டன்."

இவ்வளவையும் தனியே சுமந்திருக்கிறாள். நாங்களோ அடுத்த அறையில் அவளுடைய மார்க்கப் பேணுதலைப் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

பாயில் அழுததை நான் சொன்னதும் டொக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இது பக்தி கூடினதும் இல்ல, குறைஞ்சதும் இல்ல. மனச்சோர்வு எண்டுற நோய். மருந்து இருக்கு," என்றார். இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு இது பலருக்கு வருமாம். மூளை சோர்ந்தால் பசியும் தூக்கமும் போகும், குளிசையில் அக்கறை போகும், இருதயத்துக்கும் சுமை கூடும். இருதயம் பழுதானால் அடி திரும்ப மூளைக்குத்தான். இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

நான் அல்லாஹ்விடம் ஒரு சொல்லைத்தான் கேட்டேன். அவன் டொக்டரின் அந்தக் கேள்வியையும் சேர்த்து அனுப்பினான்!

இப்போது மனதுக்கும் மருந்து எடுக்கிறாள், கிளினிக்கில் மனம் விட்டுக் கதைக்கிறாள். இரவுக் குளிசையை என் முன்னால்தான் போடுவாள். வால்வுச் சத்தம் கேட்டால் என்னைக் கூப்பிடுவாள். நானும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஓம் மகள், நல்லா ஓடுது என்பேன்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை தொழுகைப் பாயில் அழுதால் அல்லாஹ்வைப் புகழுங்கள். புகழ்ந்துவிட்டுப் பக்கத்தில் போய் இருந்து, ஏன் அழுகிறாய் என்று கேளுங்கள். டொக்டரிடம் கூட்டிப் போங்கள். அல்லாஹ்விடமும் கேளுங்கள். சொல் வராவிட்டாலும் கேளுங்கள், அவனுக்குக் கேட்கும்.

இன்று முதன்முறையாகத் தனியே பஸ்ஸில் கிளினிக்குக்குப் போனாள். ரோட்டைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தேன். இதோ, கேற் திறக்கும் சத்தம். செருப்பை வாசலில் உதறிவிட்டு நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறக்கிறாள்.

"உம்மா, பசிக்குது. என்ன கறி?"