வடக்கனந்தல் சாலையில் காகம் காட்டிய ஆள்

கரியாலூருக்குப் பறவை பார்க்கப் போவது எப்படி என்று இந்த வலைப்பூவில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நான் முதல்முறை போனது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில், ஓர் ஆனி மாதம், சனிக்கிழமை. பறவை பார்க்க மட்டும் போகவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்த ஒருவருக்கு நான் சொன்னது சரி என்று காட்டப் போனேன்.

அப்போது கள்ளக்குறிச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். கடை வாசல் புங்க மரத்தில் காகம் கூடு கட்டியிருந்தது. தகரக் கூரை மாட்டும்போது என் கம்பு கூட்டில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து அந்தக் காகம் என் தலையை மட்டும் கொத்தியது. சட்டை மாற்றினேன், தொப்பி போட்டேன், மீசையை எடுத்தேன். விடவில்லை. கடைக்கு வந்துபோகிற ஐம்பது பேரில் ஒருவரையும் அது தொட்டதில்லை. காகம் மனித முகத்தை அடையாளம் வைத்துக்கொள்கிறது என்று முடிவு செய்தேன். பஞ்சர் ஒட்ட வந்த கல்லூரி விலங்கியல் ஆசிரியரிடம் சொன்னேன்.

"காக்காவுக்கு ஏதுங்க அவ்ளோ மூளை? கூட்டுக்குப் பக்கத்துல போனா யாரையும்தான் கொத்தும். நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்றார்.

எட்டாம் வகுப்பு. அதைக் கேட்டுவிட்டுத்தான் சிரித்தார். பிறகு மனம் இளகியோ என்னவோ, "மலைக்குப் போறேன், கூட வாங்க. நிஜமான பறவைங்களைக் காட்டறேன்" என்றார். போனேன்.

காலை 6.10க்குக் கள்ளக்குறிச்சியில் பஸ். கரியாலூர் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். அன்றைய டிக்கெட் நான்கு ரூபாய். ஆனால் 6.40க்கு வடக்கனந்தலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே பஸ் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. போராட்டக்காரர்கள் இரவோடு இரவாக வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அந்த நாட்களில் இது புதிதல்ல. பக்கத்துத் தெருவிலிருந்து பதினோரு ஆண்களைப் போலீஸ் கூட்டி வந்து கிளைகளை இழுக்க வைத்திருந்தது. நாங்கள் இறங்கி நின்று பார்த்தோம்.

இரண்டு காகங்கள் கத்திக்கொண்டு சுற்றின. அவை ஒரே ஆளின் தலையைத்தான் திரும்பத் திரும்பக் கொத்தின. அவர் பெயர் ஏழுமலை, தென்னை ஏறுகிறவர் என்று பிறகு தெரிந்தது. நாற்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள்.

"இன்னா மாமா, காக்கா உன்னியே சுத்திக்கினு கீது? மாமியாரு வூட்டு காக்காவா?" என்றார் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்தார்.

நான் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தேன். "கூடு இருந்த மரம் விழுந்திருக்கு, அதான் கொத்துது" என்றார் அவர்.

"பதினோரு பேர் நிக்கறாங்க. ஏன் ஒருத்தரை மட்டும்?"

"அவர் தலையில செவப்புத் துண்டு இருக்கே, அதனால."

இந்தச் சந்தர்ப்பத்தை நான் விடுவேனா? ஏழுமலையிடம் போய்த் துண்டை வேறொருவரிடம் கொடுக்கச் சொன்னேன். வேடிக்கையாகத்தானே இருக்கிறது என்று கொடுத்தார். துண்டு கட்டியவரைக் காகம் சீண்டவில்லை. சட்டையை மாற்றச் சொன்னேன். மாற்றினார். கூட்டத்தின் மறுகோடிக்குப் போய் நிற்கச் சொன்னேன். போனார். மூன்று முறையும் காகம் அவரைத் தேடிப் போய்க் கொத்தியது. கடைசி முறை காதோரம் ரத்தம் வந்தது.

"பாத்தீங்களா சார்! மூஞ்சி தெரியுது! இதோட கூட்டுல கை வெச்ச ஆள் இவருதான்!" என்று கத்தினேன். அந்த ரோடே கேட்டிருக்கும்.

எஸ்.ஐ. வந்து ஏழுமலையின் தோளில் கை வைத்தார். "மரத்த வெட்டுனது நீதானா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தையும் நான் ஆதாரமாகவே எடுத்துக்கொண்டேன். ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போனது. ஆசிரியர் மெதுவாக, "நீங்க சொன்னதுல விஷயம் இருக்குங்க" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் வந்திருந்தேன். இரண்டு கிலோமீட்டரையும் தலை நிமிர்ந்து நடந்தேன்.

வடக்கனந்தலை ஒட்டிய கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு ஜீப்பில் மலை ஏறினோம், ஆளுக்கு எட்டு ரூபாய். பகல் 12 மணிக்குக் கரியாலூர். மூன்று மணிவாக்கில் ஓடைக்கரை மரத்தில் துடுப்பு வால் கரிச்சானைப் பார்த்தோம். கீழே தவிட்டுக் குருவிகள் இலைகளைக் கிளறிக்கொண்டிருந்தன. கரிச்சான் திடீரென்று வைரி என்கிற சிறு பருந்தின் குரலில் கத்தியது. குருவிகள் பருந்து வந்ததாகப் பயந்து சிதறின. இது இறங்கி, அவை விட்டுப்போன வெட்டுக்கிளியைத் தூக்கிக்கொண்டு போனது. யாரை எப்படி ஏமாற்றலாம் என்று தெரிந்த பறவை. ஆசிரியர் எழுதிக்கொண்டார். நானும் எழுதிக்கொண்டேன். அன்று எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை.

மறுநாள் காலை 11 மணிக்குத் திரும்பும் வழியில், புளியமரம் விழுந்த இடத்துக்கு நடந்து வந்தோம். பாதி மரம் இன்னும் ஓரத்தில் கிடந்தது. ஐம்பது அடி தள்ளி ஒரு வீட்டின் பின்னால் வேப்ப மரம். அதில் ஒரு பழைய கூடையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். காகம் கூடையின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே ஊட்டிக்கொண்டிருந்தது. மூன்று சிவந்த வாய்கள் தெரிந்தன.

வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். ஏழுமலையின் மனைவி. இதை யார் கட்டியது என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரருதாங்க. மரத்த சாய்க்கப் போறாங்கன்னு தெரிஞ்சி, குஞ்சுங்க செத்துப்பூடுமேன்னு பொழுதோடவே மேல ஏறி எறக்கியாந்தாரு. கோடாலிய தொடக்கூட இல்லீங்க. நேத்து போலீசு இட்டுகினு போயிடுச்சி. யாரோ பஸ்ல வந்தவரு காட்டிக் குடுத்தாராம். நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, வந்து ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

ஆசிரியருக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. போய்விட்டார். அந்த விஷயத்தில் அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் அந்த அம்மாளோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அந்த 'யாரோ' நான்தான் என்று வழியில் சொல்ல வாய் வரவில்லை.

எஸ்.ஐ. என்னைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். "வாங்க காக்கா சாரு. இன்னா, இன்னிக்கு வேற ஆளா?"

நான் நடந்ததைச் சொன்னேன். காகம் பார்த்தது குஞ்சைத் தூக்கிய கையை, வெட்டிய கையை அல்ல என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "அப்போ வெட்டப் போறாங்கன்னு முன்னாடியே அவனுக்குத் தெரியும். வெட்டுனது யாருன்னும் தெரியும்" என்றார். ஏட்டைக் கூப்பிட்டார். "அவன்கிட்ட பேரக் கேளு."

ஏழுமலை ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் காப்பாற்றி வைத்திருந்ததையும் நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பதினெட்டு நாள் கழித்து வெளியே வந்தார். ஒரு பெயரும் சொல்லவில்லை. வலது மணிக்கட்டு அதன் பிறகு மடங்கவில்லை. தென்னை ஏற முடியாமல் போனது. செய்தி கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"அன்னிக்குச் சொன்னது நான்தாங்க" என்றேன்.

"தெரியுமே. துண்டு மாத்திக் கட்டச் சொன்னவரு." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "காக்கா மேல தப்பு இல்லீங்க. எங்கையில அதோட குஞ்சு இருந்துச்சி, அத சொல்லிச்சி. மீதிய நீங்கதான் சொன்னீங்க."

என்னை அனுப்ப வாசலுக்கு வந்தார். குஞ்சுகள் எப்போதோ பறந்துவிட்டன. ஆனாலும் தாய்க்காகம் கூரையிலிருந்து இறங்கி அவர் தலையை ஒரு அடி அடித்துவிட்டுப் போனது. இடது கையால் தலையை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பல வருஷம் கழித்து வெளிநாட்டுக்காரர்கள் முகமூடி போட்டுச் சோதித்து, காகம் முகத்தை மறப்பதில்லை என்று எழுதினார்கள். நான் முன்பே சொன்னேன். அதில் ஒரு அடி பின்வாங்க மாட்டேன். ஆனால் முகம் தெரிவது வேறு, காரியம் தெரிவது வேறு. தான் கண்டதற்கு மேல் காகம் ஒன்றும் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: கள்ளக்குறிச்சியிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மலைப்பாதையோடு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே கடைகள் கம்மி, தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும். கரிச்சானை ஓடைக்கரையில் தேடுங்கள், பிற்பகல் நல்லது. சித்திரை முதல் ஆடி வரை காகக் கூட்டுக்குக் கீழே நிற்காதீர்கள். காகம் யாரையாவது கொத்தினால் பாருங்கள், எழுதிக்கொள்ளுங்கள். காரணம் தெரிந்துவிட்டது என்று தோன்றினால், சத்தமாகச் சொல்லும் முன்பு ஒரு முறை திரும்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. எஸ்.ஐ. என்னிடமிருந்து நான்கு அடி தூரத்தில்தான் நின்றிருந்தார்.