தங்கையின் குடுவை

லேபில் அவளுக்கு அடைக்கோழி என்று பெயர். பட்டம் சூட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்குபேட்டர் கதவை யாராவது சற்றுக் கூடுதலாகத் திறந்து வைத்தால் கொத்த வருவாள். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களுக்கு இடமும் தீனியும் கொடுப்பவை ஸ்ட்ரோமல் செல்கள். அவற்றைக் குடுவையில் வளர்ப்பதும், கதிர்வீச்சை எவ்வளவு தாங்குகின்றன என்று பார்ப்பதும் அவள் வேலை. அழுத்தக்காரச் செல்கள். ரத்த அணுக்கள் கூண்டோடு மடியும்போதும் அவை குடுவையின் அடியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் கதிர்வீச்சு அளவு மீறிவிட்டால் பார்வைக்குத்தான் பவிசு. அதன்பின் ஒன்று இரண்டாகாது.

தங்கைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது பொருந்தியது இவள் மஜ்ஜைதான். கதிர்வீச்சால் தங்கையின் மஜ்ஜையை அழித்துவிட்டு இவளுடையதை ஏற்றினார்கள்.

"உள்ள எல்லாமே செத்துடுமாக்கா?" என்று தங்கை அப்போது கேட்டாள்.

"வீடு நிக்கும்டி. ஆளுங்கதான் மாறுவாங்க."

தொழில் தெரிந்த வாய், துணிந்து சொல்லிவிட்டது.

மாதங்கள் போயும் தங்கைக்கு ரத்தம் ஊறவில்லை. அக்காவிடம் மறுபடி மஜ்ஜை எடுக்கலாமா என்று டாக்டர்கள் யோசித்தார்கள். அதற்குமுன் தங்கையின் ஸ்ட்ரோமல் செல்களை வளர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். அவை பெருகினால் பலனுண்டு. இல்லையென்றால் பாறையில் விதைத்த கதைதான். அந்த வேலை தெரிந்தவள் அங்கே இவள் ஒருத்திதான். வேறு யார் மேசைக்கு வரும்?

செல்கள் ஒட்டின. அகலமாகப் பரந்து படுத்தன. பக்கத்துக் குடுவைகள் நிரம்பிவிட்டன. இதில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும். தீனித் திரவத்தை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். கெடு தாண்டியும் விட மனமில்லை.

"பெருகலம்மா. இன்னிக்கு ரிப்போர்ட் எழுதிடு," என்றார் லேப் தலைவர்.

"இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் சார்."

"வேற யாரோட செல்லா இருந்தாலும் இப்படிச் சொல்வியா?"

அவர்மேல் ஆத்திரமாக வந்தது. சரியாகச் சொல்பவர்மேல்தானே அது வரும்.

சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனாள். பொய் சொல்வதென்று தீர்மானித்துத்தான் போனாள்.

"ஒட்டுச்சாக்கா?"

"ஒட்டுச்சுடி."

தங்கை அவள் முகத்தையே பார்த்தாள். வருஷக்கணக்காக அக்காவின் லேப் புராணத்தைச் சாப்பாட்டோடு கேட்டு வளர்ந்தவள்.

"பெருகலையா?"

அக்கா குனிந்து போர்வையைச் சரிசெய்தாள்.

"அப்ப உன்னை மறுபடி குத்த வேணாம்னு சொல்லிடு. போன தடவையே இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு நடந்தே."

"குத்தட்டும்டி," என்று அக்கா உடைந்து அழுதாள். "எத்தனை தடவை வேணும்னாலும் குத்தட்டும்."

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாமென்று தலையசைத்தாள்.