ஞாயிற்றுக்கிழமை வெயில்

"அந்தோனிமுத்து யூலிற்றா. தொழில் இல்லை. காணி வெறும் மணல். பயன்பாடு எதுவும் தென்படவில்லை. பெண்மணி வெயிலில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்."

காணி பார்க்க வந்த உத்தியோகத்தர் கண்டதைத்தான் எழுதினார். வந்தது ஞாயிற்றுக்கிழமை என்பதை மட்டும் எழுதவில்லை. முல்லைத்தீவின் அந்தக் கத்தோலிக்கக் கரையில் ஞாயிறன்று வள்ளம் இறங்காது, எவரும் மீனைத் தொடமாட்டார்கள். யூலிற்றாவும் சனி மாலையே கருவாட்டை அள்ளிக் கட்டிவிடுவார். மற்ற நாட்களில் அந்த மணலில் கால் வைக்க இடமிராது.

பயன்படாதது என்று பதிவான அந்தக் காணியை அரசிடம் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு இலண்டனிலிருந்து வந்தார் சிவகரன். கட்டப்போகும் விடுதிக்குப் பெயர்ப்பலகை முதலில் வந்தது: 'அப்ரிகேற்'. ஆங்கிலேயருக்கே தெரியாத ஆங்கிலச் சொல். வெயிலில் சுகமாகக் கிடப்பது என்று பொருள். வெயில் குறைந்த நாட்டார் பதினேழாம் நூற்றாண்டில் அதை லத்தீனிலிருந்து எடுத்து, பிறகு அகராதியில் மறந்துவிட்டார்கள். அதன் வேர் 'திறந்திருத்தல்' என்று சொல்லும் அறிஞரும் உண்டு. பலகையை நட்ட கையோடு சிவகரன் முள்ளுக்கம்பிக்கும் ஆள் பிடித்தார்.

"லத்தீன் சொல்லு, அன்ரி. வெயில்ல சும்மா இருந்து அனுபவிக்கிறது."

"எங்கட அப்பு காலத்தில பூசைதான் லத்தீன்ல நடந்தது, தம்பி. இப்ப சும்மா இருக்கிறதுக்கும் அதுதானோ?"

சிவகரன் சிரித்தார். யூலிற்றா சிரிக்கவில்லை. கருவாடு போட அவருக்கு வேறு மணல் இல்லை. அலுவலகத்துக்குப் போய் முறையிட்டார். திரும்பவும் வந்து பார்க்கிறோம் என்றார்கள். ஆனால் வாகனம் ஓய்வாக இருப்பது ஞாயிறில் மட்டும்தானாம்.

அந்த ஞாயிறு யூலிற்றா பூசைக்குப் போகவில்லை. முதல்நாள் உப்பிட்டு வைத்த சூடை மீனைப் பழைய வலையில் கரை நீளத்துக்குப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார். கோயிலுக்குப் போன சனம் அவரைப் பார்த்தும் பாராததுபோல் நடந்தது. உத்தியோகத்தர் வந்தார், மூக்கைப் பொத்தியபடி எழுதினார்: "அனுமதியற்ற பயன்பாடு. துர்நாற்றம். அகற்றப்பட வேண்டும்."

இப்போது அங்கே சாய்கதிரைகள் கிடக்கின்றன. வெள்ளைக்காரர்கள் உடம்பு சிவக்கக் கிடக்கிறார்கள், ஞாயிறிலும்கூட. அலுவலகத்துக் கோப்பில் யூலிற்றா இன்னும் தொழிலற்றவர்தான்.

போர் முடிந்து ஊர் திரும்பியதிலிருந்து கம்பி அடிக்கும்வரை, அவர் அந்த மணலில் கருவாடு போட்டு இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தார்.