சண்டைப் படமென்று எடுத்துவந்தது

ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்த கிழமை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த மோர்னிங்சைடில் எங்கள் மாடிக் கட்டடம் முழுவதும் செத்தவீடாகிப்போனது. ஒருவரும் படம் பார்ப்பதில்லை, பாட்டுப் போடுவதில்லை. மனைவியின் தம்பி வன்னியில் இருந்தான். உயிரோடு இருக்கிறானா என்று சொல்ல ஆளில்லை. தேத்தண்ணீரைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காமல், அவள் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. சினிமாதானே கூடாது? சண்டைப் படம் துக்கத்தோடு சேர்த்திதானே? நூலகத்தில் போர்ப் படங்கள் இருந்த தட்டிலிருந்து, சிப்பாய் ஒருவனின் முகம் போட்ட டிவிடியை எடுத்துவந்தேன். ஐரோப்பாவின் பழைய நையாண்டி நாவல் ஒன்றைத்தான் படமாக்கியிருந்தார்கள். அட்டையின் பின்பக்கம் அதைத் தெளிவாக எழுதியும் இருந்தார்கள். நான் பின்பக்கம் பார்க்கிற ஆளில்லை.

ஐந்தாவது நிமிடத்தில் சிப்பாய் தளபதியின் குதிரைக்குச் சல்யூட் அடித்தான். குதிரை திருப்பி அடிக்கட்டும் என்று கையை இறக்காமலே நின்றான். பதறிப்போய் மனைவியைப் பார்த்தேன். சட்டைக் கையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு அன்ரி புட்டுச் சட்டியோடு உள்ளே வந்தார். செத்தவீட்டுக்குக் கதவைத் தட்டிக்கொண்டா வருவார்கள்? குலுங்கும் தோளைக் கண்டதும் சட்டியை என்னிடம் திணித்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தார்.

"அழு பிள்ளை, அடக்காதை. நல்லா அழு."

இவள் அன்ரியின் தோளில் முகத்தைப் புதைத்து இன்னும் மோசமாகச் சிரித்தாள். அன்ரி உண்மையாகவே அழுதார். அழுது முடித்துத் திரையைப் பார்த்தார்.

"உது என்ன படம்?"

"சண்டைப் படம், அன்ரி."

"அப்ப சரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

திரையில் தளபதி, "நான் வரும்வரை இந்த வாசலைவிட்டு அசையாதே" என்று சிப்பாய்க்குக் கட்டளையிட்டுவிட்டு, முதல் ஆளாக ஓட்டம் பிடித்தார். படை முழுவதும் பின்னால் ஓடியது. இவன் மட்டும் விறைப்பாக நின்றான். குண்டுச் சத்தம் கிட்ட வந்தது. அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார்.

மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பியும் உப்பிடித்தானப்பா. நில் எண்டால் நிண்டுகொண்டே இருப்பான்." என் கையைப் பிடித்தாள். "அவனை ஓடச் சொல்லுங்கோ."

"இது படமப்பா…"

"ஓடச் சொல்லுங்கோ எண்டுறன்!"

நான் எழுந்து நின்று, தொலைக்காட்சியைப் பார்த்து, "ஓடடா!" என்று கத்தினேன். அன்ரியும் கத்தினார்.